அரசியைக் கொடுத்து வாங்கிய தண்ணீர்

போன மாதம் ஒரு சாயங்காலம் மைதானத்துக்குப் போயிருந்தேன். வேலையை விட்டாலும் அவ்வப்போது போய் எட்டிப் பார்க்காவிட்டால் எனக்கு ஆகாது. கேலரியில் காலேஜ் பையன்கள் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ வெளிநாட்டு ஃபுட்பால் டீமில் இருந்து பெரிய ஆட்டக்காரர் ஒருவர் வேறு டீமுக்குப் போகிறாராம். அவருக்கு எத்தனை கோடி கேட்கலாம் என்று சண்டை. ஒருத்தன் குறைச்சல் என்றான். இன்னொருத்தன் அந்த ஆளுக்கு வயசாகிவிட்டது, கிடைத்ததே லாபம் என்றான். கொடுப்பவனும் வாங்குபவனும் கடல் தாண்டி இருக்கிறார்கள். இவர்கள் திருச்சியில் சிமெண்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் ஒருத்தன் கேட்டான்.

"புஷ்பம்மா, நம்ம கிளப்புல இந்த மாதிரி யாரையாச்சும் விலை பேசிக் குடுத்திருக்கோமா?"

"குடுத்திருக்கோமே," என்றேன்.

அதை எழுதிக் கொடுங்கள், கிளப் மலரில் போடலாம் என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகிறது. ஆனால் யாரும் என்னை அவசரப்படுத்த முடியாது. மைதானத்தில் இருந்த காலத்திலேயே முடியாது.

நான் பார்த்தது மைதான வேலை. என் வீட்டுக்காரர் அங்கே வாட்ச்மேன். அவர் தவறிய பிறகு செயலாளர் ஆரோக்கியசாமி சார் என்னைக் கூப்பிட்டு, "புல்லைப் பாத்துக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, கோல் வலை கட்டுவது, ஜெர்சி துவைப்பது எல்லாம் ஒரு வருஷத்தில் கை பழகிவிட்டது. கோடு போடுவது மட்டும் மெதுவாகத்தான் வந்தது.

கோட்டுக்குச் சுண்ணாம்பு. கல்சுண்ணாம்பை வாங்கித் தண்ணீர் தெளித்து வைத்தால் சூடாகி, வெடித்து, பூத்து மாவாகும். அது நன்றாக ஆறிய பிறகுதான் சலிக்க வேண்டும். ஆறாத சுண்ணாம்பைக் கொட்டினால் விழுகிற பிள்ளைகளின் தோல் வெந்துவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிக் கொட்டி ஒரு கோல்கீப்பருக்கு முழங்கை புண்ணாகிவிட்டதாம். அதனால் நான் என் கையில் தடவிப் பார்த்து, எரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் டின்னில் நிரப்புவேன். டின்னின் அடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள் இருக்கும். நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டி, பிறகு குறுக்கே மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறுக்கும் ஒத்து வந்தால் மைதானம் மூலை கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் முளையைப் பிடுங்கி மறுபடியும். நடு வட்டத்துக்கு ஒரு முளை, ஒரு கயிறு, நம் கால்தான். என் கோடு கோணியது என்று இதுவரை எந்த ரெஃபரியும் சொன்னதில்லை.

ஆரோக்கியசாமி சார் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் தொங்கும். அதை அவர் ஊதி நான் கேட்டதில்லை. மேட்ச் அன்று காலைப் பூசை முடிந்து நேராக மைதானத்துக்கு வருவார். ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் மடித்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு மைதானம் முழுக்க நடப்பார். காலில் எங்கே கல் தட்டுகிறதோ அங்கே அப்படியே நின்றுவிடுவார். கூப்பிட மாட்டார், கை காட்ட மாட்டார். நான் கூடையை எடுத்துக்கொண்டு போய்க் கல்லைப் பொறுக்கினால் அடுத்த அடி வைப்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. போகப் போக, அவர் நிற்கவே கூடாது என்று நானே முன்னால் ஒருமுறை வெறுங்காலோடு நடந்துவிடுவேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு இடத்திலும் நிற்காமல் முழுக்க நடந்து முடித்து, என்னைப் பார்க்காமலே ஷூ மாட்டிக்கொண்டு போவார். அதுதான் அவர் பாராட்டு.

அவர் வைத்திருந்த இன்னொரு பழக்கம் கேலரியைக் கேட்பது. எங்கள் கிளப்புக்குப் பின்னால் கம்பெனி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் வசூல் டின்னில் போடும் காசில்தான் நடந்தது. பணம் போட்டவனுக்குப் பேச உரிமை உண்டு என்பது சாரின் எண்ணம். யாராவது ஆட்டக்காரர் வேறு டீமுக்குப் போவதாக இருந்தால், விடுவிப்புக் கையெழுத்துப் போடும் முன்னால் சார் கேலரியின் கீழ்ப்படியில் வந்து நின்று, "என்ன கேக்கலாம்?" என்பார். கேலரி கூடிப் பேசும். பெரும்பாலும் ஒரு ஜோடி வலை, சில பந்துகள், அவ்வளவுதான் கேட்போம்.

கேலரியில் இரண்டு பேர் பேச்சுதான் எடுபடும். ஒருவர் ஜோசப். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் குடியிருந்த ஃபிட்டர், ஸ்கூட்டரில் வருவார். பேச ஆரம்பித்தால் நடுவில் எழுந்து நின்றுவிடுவார். இன்னொருவர் ஸ்ரீரங்கத்து ராகவன் சாமி. நெற்றியில் திருமண்ணோடு வந்து எப்போதும் மேல்படியில் உட்காருவார். இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஒரு வருஷம் இறுதி ஆட்டம் வைகுண்ட ஏகாதசி அன்றைக்கு விழுந்துவிட்டது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள் என்று சார் தேதியை மாற்றினார். ஒருத்தர் விரதத்துக்கு ஊரே காத்திருக்கணுமா என்று ஜோசப் முணுமுணுத்தார். அடுத்த வாரம் ராகவன் சாமி தூக்கு நிறையக் கோயில் புளியோதரை கொண்டுவந்தார். அதில் பாதியைச் சாப்பிட்டது ஜோசப்தான்.

அரசி வந்தது நாங்கள் பெண்கள் டீம் ஆரம்பித்த புதிதில். முழுப் பெயர் தமிழரசி. பச்சைமலையில் ஒரு ஊர். அப்பா பெரியசாமி தினை போடுகிறவர், கொஞ்சம் மரவள்ளி. காலேஜில் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கி, மைதானத்துக்கு வந்தாள். மெலிந்த பெண். இடது கால்தான் அவளுக்கு எல்லாம். மலையில் ஏறி இறங்கிய கால் என்பதால் கடைசி நிமிஷம் வரைக்கும் ஓட்டம் குறையாது. பெண்கள் ஆட்டத்தைச் சிரிப்பதற்காகப் பார்க்க வந்தவர்கள், ஒரு மழைக்காலத்துக்குள் அவளுக்காகவே வர ஆரம்பித்தார்கள். இடது ஓரத்துக் கோட்டை ஒட்டியே ஓடுவாள். ஆட்டம் முடிந்தால் அந்தப் பக்கக் கோடு மட்டும் அழிந்திருக்கும். மறு வாரம் அந்தப் பக்கத்துக்கு மட்டும் எனக்குக் கூடுதலாக அரை டின் சுண்ணாம்பு பிடிக்கும்.

வெளியூரில் இருந்து ஒரு பெரிய டீம் அவளைக் கேட்டு ஆள் அனுப்பியது. தங்க இடம், சம்பளம் எல்லாம் தருவார்கள். அவளுக்கும் போக ஆசை. சார் வழக்கம்போலக் கீழ்ப்படியில் வந்து நின்று கேட்டார்.

கேலரியில் அன்றைக்கு நடந்த வாதத்தை நான் வலையைத் தைத்துக்கொண்டே கேட்டேன். ஜோசப் ஒரு பெரிய தொகையைச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மேலேயே கோபப்பட்டார். பெரிய டீம் வாசலுக்கு வந்திருக்கிறது, இப்போது வாயைத் திறக்காமல் எப்போது திறப்பது என்றார். இன்னொரு பக்கத்தில், பணம் வேண்டாம், பதிலுக்கு ஒரு நல்ல கோல்கீப்பரைக் கேட்போம் என்றார்கள். அவள் இல்லாமல் கோல்கீப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு கூட்டம்.

மேல்படியில் இருந்து ராகவன் சாமி பேசினார். "என்ன ஜோசப்பு, பொண்ணை ஏலம் போடறேளா?"

"அப்ப சும்மா அனுப்பிடலாமா சாமி? நீங்க புளியோதரை கட்டிக் குடுங்க, நாங்க டாட்டா காட்டறோம்."

"சும்மான்னு யார் சொன்னா? காசை வாங்கினா கரைஞ்சு போயிடும். தண்ணியைக் கேளுங்கோ."

அதுவரை ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சித்திரை வந்தால் எங்கள் மைதானம் வறுத்த சட்டி மாதிரி ஆகிவிடும். காவேரியில் மணல்தான் இருக்கும். நான் லாரித் தண்ணீருக்குக் கெஞ்சி, குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றிய காலம் அது. போர்வெல் போட்டு மோட்டார் வைத்துக் கொடுக்கட்டும், அதைத்தான் நாம் கேட்போம் என்று ராகவன் சாமி சொன்னதும் கேலரி அடங்கிவிட்டது. ஜோசப்பும் உட்கார்ந்தார். அந்த டீமும் ஒத்துக்கொண்டது.

கையெழுத்துப் போடுகிற அன்று அவர்கள் காரில் வந்தார்கள். கேலரி நிறைந்திருந்தது. அரசி புதுச் செருப்போடு நின்றாள். அவள் அப்பா பெரியசாமி மலையில் இருந்து இறங்கி, பஸ் மாறி வந்து சேர்ந்தார். தோளில் துண்டு. மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் பேனாவை எடுத்ததும் பெரியசாமி கேட்டார்.

"இதுல யாருங்க வாங்கறது?"

கிளப்தான் என்று சார் சொன்னார்.

அவர்கள் பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஜோசப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். "பெரியவரே, இது கல்யாணமில்ல," என்று சிரித்தார்.

"தெரியுங்க. பந்தாடத்தான் போவுது. ஆனா ஒருத்தர் குடுக்கறாங்க, ஒருத்தர் வாங்கறீங்க. எங்க பக்கம் வாங்கறவங்கதான் பொறந்த வீடு. போன எடத்துல புள்ளைக்குச் சரிப்படலன்னா வாங்கினவங்க வாசல்லதான் வந்து நிக்கும். நான் ஒண்ணும் வாங்கல. நீங்க வாங்கறீங்க. வந்தா சேத்துக்குவீங்களான்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

காரில் வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். சார் பேனாவை மூடினார். கேலரிப் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? என்ன சொல்றீங்க?" என்றார். ஆளாளுக்குச் சரி என்றார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சார் ஜோசப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி சார், சரி. தங்கத் தட்டுல வெச்சுச் சேத்துக்குவோம்," என்றார் ஜோசப்.

பெரியசாமி எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். சார் கையெழுத்துப் போட்டார்.

போர்வெல்லில் நல்ல தண்ணீர் வந்தது. மோட்டார் ரூம் சாவியைச் சார் என்னிடம் கொடுத்தார். அந்த வருஷக் கோடையில் எங்கள் மைதானம் பச்சையாக இருந்ததைப் பார்க்க வேறு கிளப்காரர்கள் எல்லாம் வந்தார்கள். அரசி அங்கே நன்றாக ஆடுகிறாள் என்று ஜோசப் போனில் வைத்துக் காட்டுவார். நம்ம பொண்ணு, நம்ம பொண்ணு என்று சத்தம் போட்டுச் சொல்வார்.

அடுத்த பங்குனியில் அவள் திரும்பி வந்தாள். ஒரு பையும், முழங்காலில் ஒரு கட்டுமாக, சாயங்காலம் கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தில் யாரோ மோதி முழங்கால் ஜவ்வு அறுந்திருக்கிறது. கொஞ்ச நாள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"ஊருக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"பஸ் எறங்கி மேட்டுல நடக்கணும்மா. இந்தக் காலோட முடியாது," என்றாள். பிறகு, "அப்பா இங்கதான் போகச் சொன்னாங்க," என்றாள்.

உறையூரில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். நான் மைதானத்துக்குக் கிளம்பினால் ஆட்டோவில் கூட வருவாள். கோட்டுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முளைப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஆபரேஷன் செய்தால் ஓடலாம், விட்டால் காலம் முழுக்க விந்திவிந்தித்தான் நடக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கேலரியில் மறுபடியும் அவளைப் பற்றிப் பேச்சு. அவர்கள் டீமில் ஆடும்போது பட்ட அடி, அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்றார் ஜோசப். அதில் நியாயம் இருந்தது. அவரே போன் செய்தும் பேசினார். அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். எவ்வளவு என்பதில் முடிவு வரவில்லை. இனி ஆடப் போவதில்லை என்கிறபோது எவ்வளவு போடுவது என்றும் ஒரு குரல் கேட்டது. அரசி கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும்.

"அன்னிக்கு எல்லாருமாச் சரின்னு சொன்னோமா இல்லையா?" என்றார் ராகவன் சாமி.

"சாமி, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. வாங்கின காசு தண்ணியாப் பூமிக்குள்ள கெடக்கு. தோண்டி எடுத்தா குடுக்க முடியும்?" என்றார் ஜோசப்.

மறுநாள் காலை நான் மோட்டார் ரூமைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்ச் சாரிடம் கொடுத்தேன்.

"என்ன புஷ்பம்?"

"இது அந்தப் பொண்ணைக் குடுத்து வாங்கின தண்ணி சார். அவ வெளிய உக்காந்திருக்கறப்ப நான் தொறக்க மாட்டேன். வேற ஆளு வெச்சுக்கிட்டாலும் சரி."

சார் சாவியை வாங்கினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறு ஆளைக் கூப்பிடவும் இல்லை, என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அவருக்கும் கேலரிக்கும் நடுவில் அவர் பேச முடியாததை நான் பேசிவிட்டேனா, இல்லை என் மேல் கோபமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பங்குனி வெயிலில் புல் காய எத்தனை நாள் வேண்டும்? முதலில் இரண்டு கோலுக்கும் முன்னால் இருந்த இடம் வெளுத்தது. பிறகு நடு வட்டம். இடது ஓரம் கடைசியாகக் காய்ந்தது. புல் வெட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது எதையும் நான் நிறுத்தவில்லை. தண்ணீர் மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சார் வெறுங்காலோடு நடந்தார். நடந்த இடமெல்லாம் நின்றார். கூடையோடு பின்னால் போனேன். பொறுக்குவதற்குக் கல் ஒன்றும் இல்லை, தரையே கல்லாக இருந்தது. கேலரியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் பந்து சிமெண்டில் விழுகிற மாதிரி எகிறியது. விழுந்த பெண்கள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார்கள். ஜோசப் இறங்கி வந்து கேட்டார்.

"புஷ்பம்மா, மோட்டார் ரிப்பேரா? சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேன்ல?"

"மோட்டார் நல்லா இருக்குங்க. தண்ணிதான் நம்முளுது இல்ல."

"யாருது?"

"வாங்கினவங்க பொறந்த வீடுன்னு சரி சொன்னீங்க. பொறந்த வீடு இல்லன்னா வாங்கினது நம்முளுது இல்லல்ல?"

அவர் அரசி பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜோசப் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆட்டம் பாதியில் இருக்கும்போது அவர் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. கோபித்துக்கொண்டு போகிறார், இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது, பின்னால் ஸ்கூட்டரில் அவர். தெரிந்த டாக்டரிடம் பேசிவிட்டதாகவும், அன்றைக்கே பார்க்கச் சொல்கிறார் என்றும் சொன்னார். அரசி என்னைப் பார்த்தாள். "போம்மா," என்றேன். அடுத்த ஞாயிறு டின்னை மேல்படியில் இருந்து ராகவன் சாமியே கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். யார் எவ்வளவு போட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை. டின் கனத்துப்போய் மேல்துண்டிலும் வாங்கினார். ஆபரேஷன் நடந்தது. பெரியசாமி ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறந்த வீட்டில் யாராவது நன்றி சொல்வார்களா?

சார் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "தண்ணி விடுங்க, புஷ்பம்," என்றார். அதுவரை என்னை அவர் நீங்க என்று சொன்னதில்லை.

அரசி மறுபடி ஓடினாள். பழைய ஓட்டம் இல்லை. பெரிய டீம்கள் கேட்கவும் இல்லை. உடற்கல்விப் படிப்புப் படித்தாள், படித்துக்கொண்டே எங்கள் டீமுக்கும் ஆடினாள். துறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தது. அவள் கிளம்பும் முன்னால் சார் பழக்கத்தில் கீழ்ப்படியில் வந்து நின்று, "என்ன கேக்கலாம்?" என்றார். சாருக்கு அப்போதே தடி ஊன்றித்தான் நடை. ஜோசப்பையே எல்லாரும் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அனுப்பி வைக்கறவா என்னத்தைக் கேக்கறது. அவளுக்கு நாமன்னா செய்யணும்," என்றார் ராகவன் சாமி.

அந்தத் தைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். துறையூருக்குப் பொங்கல் சீர். இப்போது சார் இல்லை. சிமெண்டுப் படி ஏற முடியாமல் ராகவன் சாமி கீழே நாற்காலி போட்டு உட்காருகிறார். வாதம் மட்டும் குறையவில்லை. ஒரு ஜோடிக் கரும்பு போதும், அதுதான் முறை என்பார் சாமி. கட்டாகக் கொடுக்காவிட்டால் அந்த ஊரில் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பார் ஜோசப். போன பொங்கலுக்கு வெண்கலப் பானையா, எவர்சில்வரா என்பதில் இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. வெண்கலம்தான் போனது.

கரும்பைத் தன் பழைய ஸ்கூட்டரில் நீளவாக்கில் வைத்துக் கட்ட ஜோசப்புக்குக் கயிறு வேண்டியிருந்தது. வேலையை விடும்போது நான் கொண்டுவந்துவிட்ட கோட்டுக் கயிறு வீட்டில்தான் இருந்தது. சுண்ணாம்பு ஏறி வெள்ளையாகிப்போன கயிறு. எடுத்துக் கொடுத்தேன்.

"பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துடணும்," என்றேன்.

"தங்கத் தட்டுல வெச்சுக் கொண்டாரேன், புஷ்பம்மா," என்றார்.